டாப் அஞ்சில் இல்லாத பாட்டு

“ஆரம்பிச்சுட்டா பாரு! மணி என்ன? ஏழு பத்து. நல்லாக் கேட்டுக்கோ, நீதான் சாட்சி!”

மனைவி அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து அந்த டும்டும் பாட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. ஆய்வாளர் பல்லை நறநறவென்று கடித்தபடி நோட்டை எடுத்தார்.

தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். இருபத்திரண்டு வருஷமாக ஒழுகும் குழாயை ஓரங்கட்டும் வேலை. அங்கே எந்தக் கோளாறு வந்தாலும் மூன்று கட்டம் நிரப்பியாக வேண்டும்: நேரம், கோளாறு, அப்போது நடந்துகொண்டிருந்த வேலை. பழக்க தோஷம், வீட்டு நோட்டிலும் ஸ்கேல் வைத்து அதே மூன்று கட்டம் போட்டிருந்தார்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு அவர் சூட்டிய பெயர் ரேடியோ. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பாட்டுப் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். வாரா வாரம் தன் வீட்டுக் கதவில் ஒரு அட்டை ஒட்டுவாள்: ‘இந்த வாரம் என் டாப் அஞ்சு.’ படியேறும்போதும் காதில் ஹெட்போன், இறங்கும்போதும் ஹெட்போன்.

“அதான் காதுல மாட்டியிருக்காளே, அப்புறம் எதுக்குடி ஸ்பீக்கரு?”

“விட்டுடுங்களேன். சின்னப் பொண்ணு.”

“விடறதாவது! இன்னும் ஒரு புகார்தான் பாக்கி!”

மூன்று புகார் சேர்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் விதி அது. இரண்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதற்குப் பக்கத்து வீடுகளில் கையெழுத்துக் கேட்டுப் போனார். ஒருவருக்குக் கண்ணாடியைக் காணோம். இன்னொருவருக்கு அடுப்பில் ஏதோ தீய்கிறதாம். எதிர்வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, “அந்தப் பாட்டு இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்று சொல்லி, பாதியோடு மூடிக்கொண்டார்.

“முதுகெலும்பு இல்லாத கூட்டம்!” என்று படியெல்லாம் புலம்பிக்கொண்டே இறங்கி, தன் கையெழுத்தை மட்டும் போட்டுப் புகாரைக் கொடுத்தார் ஆய்வாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கச் செயலாளரம்மா வீட்டுக் கூடத்தில் விசாரணை. சாட்சி சொல்ல மனைவியையும் கையோடு இழுத்து வந்திருந்தார் ஆய்வாளர். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ கழுத்தில் ஹெட்போனோடு சுவரோரம் நின்றாள்.

“மேடம், இவ கதவுல ஒட்டற பட்டியலை நாலு வாரமா நானும் குறிச்சு வச்சிருக்கேன். அஞ்சு அஞ்சா இருபது பாட்டு. அதுல அந்த டும்டும் ஒரு வாரம்கூட இல்ல! இவளுக்கே பிடிக்காத பாட்டு. அதைக் கொண்டுவந்து நம்ம காதுல ஏன் ஊத்தறா? வேணும்னே பண்றா!”

“அப்படியாம்மா?” என்றார் செயலாளர்.

“ஆமா மேடம். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது.”

“பின்னே ஏன் போடற?”

ரேடியோ ஒரு கணம் ஆய்வாளரின் மனைவியைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள்.

“சும்மாதான்.”

“இது மூணாவது புகார். வீட்டை விடணும், தெரியுமில்ல? உன் வேலைக்கு நடந்து போற தூரத்துல வேற இடம் கிடைக்குமா?”

“கஷ்டம்தான் மேடம். பரவாயில்ல, மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்.”

ஆய்வாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “நோட்டையும் பாருங்க மேடம். எல்லாம் முறைப்படி இருக்கும்” என்று நீட்டினார்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“திங்கள், காலை ஏழு பத்து. டும்டும் பாட்டு. நடந்துகொண்டிருந்த வேலை: சட்டையில் பட்டன் இல்லாததற்கு மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

“சரியா இருக்கு” என்றார் ஆய்வாளர்.

“செவ்வாய், மாலை ஆறரை. டும்டும் பாட்டு. டீ ஆறிப்போனதற்கு மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதன், காலை எட்டு. டும்டும் பாட்டு. சாவி வைத்த இடத்தில் இல்லாததற்கு மனைவியை…”

செயலாளரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கு அடுத்த பக்கத்தையும் புரட்டினார். எல்லாம் அதே கதைதான்.

“இந்த வாரம் வியாழன், வெள்ளி ஒண்ணும் எழுதலையே சார்?”

“ரெண்டு நாளும் நான் வெளியூர் போயிட்டேன் மேடம். எழுத ஆள் இல்ல.”

“அந்த ரெண்டு நாளும் பாட்டே இல்லைங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது மனைவி.

“அக்கா, வேணாம்” என்றாள் ரேடியோ அவசரமாக.

“நீ சும்மா இரும்மா. எனக்காக நீ எதுக்கு வீட்டை விட்டுப் போகணும்?”

“என்னடி உளர்றே?” ஆய்வாளரின் குரல் ஏறியது. “நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே? அவளுக்கே பிடிக்காத பாட்டை அவ எதுக்குப் போடறா? அதுக்குப் பதில் சொல்லு!”

கூடம் அதிர்ந்தது. ரேடியோவின் கை, அவளையும் அறியாமல் செல்போனைத் தேடியது. ஆய்வாளரின் மனைவி அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவளுக்குப் பிடிச்ச அஞ்சும் மெதுவான பாட்டுங்க. உங்க சத்தத்தை மறைக்க அது பத்தல.”