காலர் நுனி

"அழட்டும். யாரும் உள்ளே போகக் கூடாது" என்று படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினான் கணவன். கதவுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே பத்து மாதப் பிள்ளை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

மனைவி அவன் எதிரே வந்து நின்றாள்.

"எழுந்திருங்க."

"இதோ பாரு. அழறப்போ தூக்கினா, அழுகைக்குப் பரிசு கொடுத்த மாதிரி. பரிசு கிடைக்கிற பழக்கம்தான் ஒட்டிக்கும். மனோதத்துவத்துல இது அரிச்சுவடி. காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்கே இதைத்தான் நடத்தறேன்."

"அவங்களுக்கே நடத்துங்க. என் பிள்ளைகிட்ட வேண்டாம்."

சோபாவிலிருந்த நாத்தனார் சிரித்தாள். அண்ணனைப் பார்க்க மகளோடு அன்று காலையில்தான் வந்திருந்தாள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க அண்ணி, சரியாயிடும். அண்ணா சொன்னான்னு நான் இவளை அப்படித்தானே பழக்கினேன்? இவ உள்ளே கத்துவா, நான் கதவுக்கு வெளியே காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்பப் பாருங்க, அழுகைன்னா என்னன்னே தெரியாது."

அது உண்மைதான். அந்த நாலு வயசுப் பெண் காலையில் மாடிப்படியில் தடுக்கி விழுந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து காலுறை நனைந்த பிறகு அத்தையான அவள்தான் கவனித்தாள். மருந்து போட்டுக் கட்டும்போதும் குழந்தை முகத்தைச் சுளிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கு அதில் பெருமை. அவளுக்கோ அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உங்க காலேஜ் லீவு விட்ட இந்த ஒரு மாசமா, நான் மருந்துக் கடை வேலைக்குப் போனதும் தினமும் இப்படித்தானா?" என்று கணவனைக் கேட்டாள்.

"பின்னே? மத்தியானம் படுக்க வைப்பேன், கதவைச் சாத்துவேன். தானா அழுதுட்டுத் தானா தூங்குவான். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நீ வீட்ல இருக்கே. அதான் நாடகம் போடறான்."

"பத்து மாசத்துப் பிள்ளைக்கு நாடகமா?"

"அண்ணன் படிச்சவன் அண்ணி. தெரியாமலா சொல்லுவான்?"

வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயம். கைக்கு வேலை வேண்டுமென்று, சலவையிலிருந்து வந்த துணிகளை இழுத்துப் போட்டு மடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் எடுத்த கணவன் சட்டையைப் பார்த்ததும் எரிகிற கோபத்தில் இன்னும் எண்ணெய் விழுந்தது. இடது காலர் நுனி நைந்து நார்நாராகத் தொங்கியது. அடுத்ததும் அப்படித்தான். இதற்காகப் போன வாரம் சலவைக் கடைக்காரரோடு பெரிய சண்டை. "எங்க மெஷின் எப்படிம்மா ஒரு பக்கத்துக் காலரை மட்டும் பார்த்துக் கடிக்கும்?" என்று மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் கடையையே மாற்றிவிட்டாள். புதுக் கடையும் அதே லட்சணம்தான்.

உள்ளே அழுகை அறுந்து, இருமலாக மாறியது.

அவள் சட்டையை வீசிவிட்டு வந்தாள்.

"நகருங்க. இல்லேன்னா இப்பவே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அவள் குரலில் சத்தமே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவன் எழுந்து நாற்காலியை நகர்த்தினான்.

பிள்ளை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. தூக்கி மார்போடு அணைத்தாள். அழுகை நிற்கவில்லை. உடம்பை வில்லாக வளைத்துத் திமிறியது. கூடத்துக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது.

"என்கிட்ட கொடுக்காதே. பழக்கம் கெட்டுடும்" என்றான். சொல்லும்போது அவன் கண் தங்கை பக்கம் போய் வந்தது.

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அவன் தோளில் இருந்தது.

தேடவில்லை, தடவவில்லை. நேராக இடது காலர் நுனியைக் கவ்வி வாயில் போட்டுக்கொண்டது. அந்த நிமிஷமே அழுகை நின்றது. அவன் கை தானாகப் பிள்ளையின் முதுகைத் தட்டியது, கால் தானாக ஆடியது, தொண்டையிலிருந்து ஒரு முனகல் பாட்டும் கிளம்பியது.

தங்கை பார்ப்பது தெரிந்து பாட்டை நிறுத்தினான். காலரை விடாமலே பிள்ளை ஒரு அதட்டல் போட்டது. பாட்டு மறுபடி தொடங்கியது. ஒன்றரைச் சரணம்கூடத் தாண்டவில்லை, பிள்ளையின் கண் செருகிவிட்டது.

அவள் துணிக் குவியலைப் பார்த்தாள். நைந்த காலர்களைப் பார்த்தாள்.

"தினமும் கதவைச் சாத்தினீங்க?"

அவன் தலை குனிந்தது.

"முதல் நாள் சாத்தினேன். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம்கூட என்னால கேக்க முடியலை."

"அப்ப இன்னிக்கு?"

"இவ வந்திருந்தாளே. இவளுக்கு அவ்வளவு சொல்லிட்டு..."

நாத்தனார் முகத்தில் சிரிப்பு இல்லை. சோபா ஓரத்தில் இருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்ததுபோல, கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தது குழந்தை.

மகளின் முழங்காலில் போட்டிருந்த கட்டை மெல்லத் தடவியபடி, அண்ணன் பக்கம் திரும்பாமலே நாத்தனார் கேட்டாள்:

"அப்ப என் பொண்ணை மட்டும் ஏண்ணா அழ விடச் சொன்னே?"