கூட்டிப்போக ஒருத்தி

"உங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு காலையில சொன்னீங்களே, எங்க அவங்க?"

மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. நர்ஸ் என் கட்டிலருகே குனிந்து நின்றாள்.

எனக்கு அக்கா கிடையாது.

கருப்பையில் மூன்று கட்டிகள். காலையில் எடுத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் தனியாக அனுப்ப மாட்டார்கள், வாடகைக் காரிலும் ஏற்ற மாட்டார்கள். அதற்காகச் சொன்ன பொய்.

"நம்பரைச் சொல்லுங்க, நானே கூப்பிடறேன்."

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். யோசிப்பதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது.

நர்ஸ் பேசிவிட்டு வந்தாள். "எந்த வாசல்னு மட்டும் கேட்டாங்க" என்றாள்.

கார்லெட்டாவும் நானும் பேசி மூன்று வருடமாகிறது. லாமாரால் வந்த வினை.

அதற்கு முன் முப்பது வருடம் நாங்கள் பேசாத நாள் கிடையாது. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே பாட்டுக்குழு. எங்களில் ஒருத்தியைத் தனியாகப் பார்த்தால், மற்றவளுக்கு உடம்பு சரியில்லையா என்று மெம்ஃபிஸில் பாதிப் பேர் கேட்பார்கள்.

லாமார் எப்படிப்பட்டவன் என்று அவள் எனக்குச் சொல்லிப் பார்த்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் சீருடையோடு கார்லெட்டா வந்து நின்றாள். கையில் ஒரு தலையணை.

"நீங்கதான் அக்காவா?" என்றாள் நர்ஸ். "தங்கச்சி தலைமுடிய அடக்க ஆபரேஷன் தியேட்டர்ல ரெண்டு தொப்பி மாட்ட வேண்டியதாப் போச்சு."

"ரெண்டுதானா? பள்ளிக்கூடத்துல இவளுக்குப் பின்னாடி உட்கார்ந்த ஒருத்தனும் பாஸாகலை. போர்டு தெரிஞ்சாத்தானே படிக்கிறதுக்கு!"

நர்ஸ் சிரித்தாள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

லிஃப்ட் கதவு மூடியதும் கார்லெட்டாவின் முகம் மாறிவிட்டது.

காரில் என்னை உட்காரவைத்து, பெல்ட் வயிற்றில் உறுத்தாமல் இருக்க நடுவில் அந்தத் தலையணையைச் செருகினாள். மருத்துவர் கொடுத்த தாளை ஒருமுறை முழுதாகப் படித்தாள். வழியில் நின்று மாத்திரை வாங்கினாள். எல்லாம் செய்தாள். பேசவில்லை.

பாப்ளர் அவென்யூ சிக்னலில் மட்டும், சாலையைப் பார்த்தபடியே, "அவன் எங்க?" என்றாள்.

"மார்ச்லயே போயிட்டான். நாஷ்வில்ல யாரோ இருக்காளாம்."

'நான் அப்பவே சொன்னேனே' என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட இருந்தது. திட்டினாலும் அது பேச்சுதானே.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள்.

வீட்டு வாசலில் என் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது படி ஆடும், பார்த்து" என்றாள்.

அந்தப் படியைப் போன வருடமே லாமார் மாற்றிவிட்டான். நான் சொல்லவில்லை. ஆடுகிற படியில் ஏறுவது போலவே மெல்லக் கால் வைத்து ஏறினேன்.

கதவில் என் சாவியைத் திருகியதும் கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கித் தள்ளினாள். அப்படித் தூக்கினால்தான் அது திறக்கும்.

என்னை சோபாவில் படுக்கவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எந்த அலமாரியையும் தப்பாகத் திறந்த சத்தம் கேட்கவில்லை. பாத்திரம் கிடைத்தது, உப்பு கிடைத்தது. அடுப்பில் பின்பக்க பர்னருக்கு மட்டும் தீக்குச்சி வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கோழி சூப்பின் வாசனை வர ஆரம்பித்தது.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் ஒன்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவள் கார்லெட்டா. லாமாரின் மனைவியாக. அவர்கள் கல்யாணத்தன்று அவளுக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுனில் தோழியாக நின்று, அவள் மோதிரம் மாற்றும்வரை பூச்செண்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

சூப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"கார்லெட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம், ரெனிட்டா. எதையும் சொல்லாத." அவள் குரலில் கோபம் இல்லை. "மத்தியான வண்டிய வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டு வந்திருக்கேன். மயக்க மருந்து எடுத்துக்கிட்டவங்களைத் தனியா விடக் கூடாதுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கு. நீ நல்லாத் தூங்குற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பின்பக்கத்து வீட்டு மிஸஸ் டிக்கர்சனை வந்து பார்த்துக்கச் சொல்லிட்டுக் கிளம்பிடுவேன். இனிமே அந்த நம்பருக்குக் கூப்பிடாத."

போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டு மறுபடியும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் காதோரம் நரை ஓடியிருந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

மாத்திரை இமைகளை அழுத்தியது. நான் போர்வைக்குள்ளே என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தரை மணிவரை தாக்குப்பிடித்தேன்.