வெறுங்கால் கழுகு

பெட்டியைத் திறக்குமுன் எல்ராய் சேஜ் என்ற வாசனை இலையைக் கொளுத்திப் புகை காட்டினார். தொப்பியைக் கழற்றி வைத்தார். பிறகுதான் உறைந்துகிடந்த பறவையைத் தூக்கிச் சமையலறை மேசைமேல் வைத்தார்.

"அஞ்சு வருஷம் ஆகும்னாங்க. ரெண்டே வருஷத்துல வந்துடுச்சு பாத்தியா, நோரா. நமக்கு முன்னாடி வரிசைல நின்ன கிழவனுங்க பாதிப் பேரு போய்ச் சேந்துட்டானுங்க போல."

சனிக்கிழமை எங்கள் மகள் ரேனாவின் பள்ளி இறுதி விழா. அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் ஜனங்களில், பிள்ளை அன்று போடும் தொப்பியில் கழுகு இறகைக் கட்டுவது அப்பாவின் வேலை. பொன்கழுகின் வால் இறகுதான் கட்டுவேன் என்று எல்ராய் எப்போதோ சொல்லிவிட்டார். கழுகைப் பிடிக்கச் சட்டம் விடாது. செத்துக் கிடைப்பதைச் சேர்த்துவைத்து, கேட்டவர்களுக்கு வரிசைப்படி அரசு அனுப்பும்.

பிளாஸ்டிக்கை விலக்கிக் காலைத் தடவியவர் அப்படியே நின்றார்.

பொன்கழுகுக்கு விரல்வரை இறகு மூடியிருக்கும். இதன் கீழ்க்கால் மொட்டையாக, மஞ்சளாக இருந்தது.

வெண்தலைக் கழுகு. தலை வெளுக்காத இளசு, உடம்பெல்லாம் பழுப்பு. யாரும் ஏமாந்துவிடுவார்கள். எல்ராய் ஏமாறமாட்டார்.

ஜன்னல்வரை போனார், திரும்பினார். மறுபடி போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். திரும்பவும் நடந்தார்.

"எதக் கேட்டா எத அனுப்பியிருக்கானுங்க பாரு. திருப்பி அனுப்பிடுவோம். மறுபடி மொதல்லருந்து வரிசைல நிக்கிறேன். ரேனா காலேஜ் முடிக்கிறப்போ கட்டிக்கலாம், என்ன அவசரம்?"

"இதையே கட்டுங்க," என்றேன். "சனிக்கிழமையே கட்டுங்க."

அவர் நின்று என்னைப் பார்த்தார். படிவம் என்றாலே அவருக்கு ஆகாது, எல்லாம் நான்தான் நிரப்புவேன்.

"நீ சரியாத்தானே எழுதின?"

"சரியாத்தான் எழுதினேன்."

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஆஸ்பத்திரியில் டாக்டர் பேச ஆரம்பித்ததுமே எல்ராய் எழுந்துவிட்டார். "எதுவா இருந்தாலும் அவகிட்ட சொல்லுங்க, எனக்குத் தெரிய வேணாம்" என்று வண்டியைக் கிளப்பப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கழுகு கேட்கும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொன்கழுகுக்கு ஐந்து வருடம், வெண்தலைக்கு இரண்டு என்று அதில் போட்டிருந்தது.

டாக்டர் என்னிடம் சொன்னது மூன்று.