ஐந்து தலைமுறை மூக்கு

பிறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர், முதல் பேத்தியைப் பார்க்க ஐந்து தலைமுறைப் போட்டோ ஆல்பத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“பாருங்க சம்பந்தி, எங்க கொள்ளுத்தாத்தா மூக்கை அப்படியே உரிச்சு வச்சிருக்கு!”

“மூக்கு எங்க பொண்ணோடது,” என்றார் குழந்தையை மடியில் வைத்திருந்த சம்பந்தி.

“என் பையன் பொறந்தப்பவும் இதே மூக்குதான். இவளையே கேளுங்க!”

மனைவி அவர் காதருகே குனிந்தாள். “மானத்தை வாங்காதீங்க. அவனை நாம பார்த்ததே மூணு வயசுலதான். தத்தெடுக்க நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

ஊரார் பிறப்பையெல்லாம் பதிந்தவருக்கு, முப்பது வருஷத்தில் இது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஆல்பத்தை மெதுவாக மூடிவிட்டுக் கைகளை நீட்டினார்.

“சரி, மூக்கை நீங்களே வச்சுக்குங்க சம்பந்தி. பேத்தியை இப்படிக் குடுங்க.”