வீடு சொன்ன பதில்

புரோக்கருக்குக் கமிஷன் அழுவானேன் என்று தணிகாசலம் தன் பெரம்பூர் பிளாட்டைத் தானே விற்கக் கிளம்பினார். புரோக்கர் இல்லாத விற்பனையில், வருபவர்களுக்கு வீடே பதில் சொல்லும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

பார்க்க வந்த தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. தண்ணீர், லிஃப்ட், கொசு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் தயங்கியபடி கேட்டாள்: "இந்த வீட்ல யாராவது தவறியிருக்காங்களா?"

"இதுவரை இல்லை," என்றது வீடு. "ஆனால் உள்ளறையில் படுத்திருக்கும் வேதவல்லி அம்மாளின் மூச்சைப் பார்த்தால், இந்த வாரத்தைத் தாண்ட மாட்டார்."

தணிகாசலம் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், நம் வீட்டுக்கே போய்விடலாம் என்று அழுது அடம்பிடித்து வந்த மனைவி, நாளுக்கு நாள் தேறிவருகிறாள் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

தம்பதி எழுந்துகொண்டார்கள். "மன்னிச்சுக்கங்க சார். சாவு விழுந்த வீடுன்னா எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க."

உள்ளறையிலிருந்து வேதவல்லியின் குரல் வந்தது.

"ஏங்க, அவங்கள உட்காரச் சொல்லுங்க. வீடு விக்கலேன்னா அப்புறம் உங்களுக்கு வேற கதி ஏது? ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, நான் ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்."

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி உட்கார்ந்தார்கள்.