அக்கா வீட்டுப் பயணம்

ஓய்வுபெற்ற குலசேகரத்துக்கு வங்கி கிரெடிட் கார்டு தரவில்லை. அதனால் டீச்சர் மனைவி கமலாம்பிகையின் கார்டில்தான் மின்சாரம், தண்ணீர், டெலிபோன் என்று எல்லா பில்லையும் கட்டினார். கார்டு வாங்காத பாசார் சந்தை மீன்காரரைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

“கார்டுல பாயிண்ட் சேரட்டும். இலவச பிளேன் டிக்கெட்டுல மெட்ராஸ் போய்க் கச்சேரி கேக்கணும்.”

“நானு?”

“ஒரு டிக்கெட்தான்லா கிடைக்கும். நீ பெர்ரி ஏறி பட்டர்வொர்த் அக்கா வீட்டுக்குப் போயேன்.”

போன மாதம் அவளும் பெட்டியோடு கிளம்பினாள். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினாள்.

மூன்று வருடம் காத்திருந்த குலசேகரம் இன்று வங்கிக்குப் போன் செய்தார்.

“பாயிண்ட் ஒண்ணும் இல்லையே அங்கிள். போன மாசமே மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சே!”

ரிசீவரை ஓங்கி வைத்துவிட்டு, “கமலம்!” என்று கத்தினார்.

அடுப்படியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

“கச்சேரி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”