நீல வயலின்

அன்று மேடையில் இருந்தவர்கள் நால்வர்: குத்துவிளக்கு, தம்புரா, மிருதங்கம், புதிதாக வந்த வயலின். வயலின் உடம்பு முழுக்க நீலச் சாயம். ஓரத்தில் இரண்டு மஞ்சள் கிளிகள் வேறு.

"கச்சேரிக்கு வந்தியா, திருவிழாவுக்கு வந்தியா?" என்று கேட்டாள் தம்புரா.

மிருதங்கம் சிரித்தது. வயலினும் கூடச் சிரித்துவிட்டு, "சுருதி கொடுங்க அக்கா, சேர்த்துக்கறேன்" என்றது. எல்லோரும் தம்புராவிடம் கேட்டுத்தான் சுருதி சேர்த்துக்கொள்வார்கள்.

பாதிக் கச்சேரியில், கிளிகளையே முறைத்துக்கொண்டிருந்த தம்புராவுக்குப் பஞ்சமத் தந்தி தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. சுருதி கொடுக்கிறவளுக்கே சுருதி போனால் அப்புறம் மேடையில் என்ன வேலை?

"பதறாதீங்க அக்கா. பஞ்சமத்தை நான் பிடிச்சுக்கறேன், நீங்க மெல்லச் சரியாகிக்குங்க" என்று காதோடு சொன்னது வயலின். சொன்னபடியே பஞ்சமத்தை நீளமாக இழுத்து நின்றது. மிருதங்கத்தைத் தவிர ஒருவருக்கும் இது தெரியவில்லை.

கச்சேரிக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்வது குத்துவிளக்குதான். கச்சேரி முடிந்ததும் அது சொன்னது: "இன்னைக்குச் சுருதி உன்னாலதான் அசையாம நின்னுது தம்புரா. அந்த நீலப் பய வேடிக்கை காட்ட வந்தவன். இனிமே வேண்டாம். என்ன சொல்றே?"

மிருதங்கம் அவளைப் பார்த்தது. வயலின் தன் பெட்டியை இன்னும் மூடவில்லை; எல்லாம் அதன் காதிலும் விழுந்தது.

"உங்க இஷ்டம் ஐயா" என்றாள் தம்புரா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த கச்சேரிக்கு வேறு வயலின் கிடைக்கவில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் சுத்தமாகச் சேர்ந்திருந்தன. மிருதங்கம் அவளிடம் சுருதி கேட்காமல் தானாகவே தட்டிச் சேர்த்துக்கொண்டது.

மேடையில் மூவர் இருந்தார்கள்.